அப்பா காலத்துப் பேண்டு செட்டு

அமெரிக்காவில் என் வயதுக்காரர்கள் தங்கள் அப்பா அம்மா காலத்துப் பாட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் 'பிக் பேண்டு' என்றுதான் ஆரம்பிப்பார்களாம். பதினைந்து இருபது பேர் கோட்டு போட்டு வரிசையாக உட்கார்ந்து டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், கிளாரினெட் எல்லாம் சேர்த்து வாசிப்பது. 1930-களிலும் 40-களிலும் அங்கே அதுதான் ராஜா. கிளாரினெட் வாசித்த பென்னி குட்மன், பியானோ வாசித்த டியூக் எலிங்டன், டிராம்போன் வாசித்த கிளென் மில்லர் என்று தலைவர் பெயரைச் சொல்லித்தான் செட்டையே கூப்பிடுவார்கள். மில்லர் 1944 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து பாரிசுக்கு விமானம் ஏறியவர், போய்ச் சேரவே இல்லை. விமானமும் கிடைக்கவில்லை.

இதற்கும் போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் கிடக்கும் சிலமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா தலைமுறைக்கும் ஒரு பேண்டு இருந்தது. தை மாசத்துக் கல்யாண ஊர்வலத்தில் காந்த விளக்கு வெளிச்சத்தில் வந்தது அது. அதன் கதை அமெரிக்காக்காரர்கள் கதையைவிட நூறு வருஷமாவது மூத்தது.

முதலில் பட்டாளத்தோடுதான் பேண்டு நம் நாட்டுக்கு வந்தது. சென்னைக் கோட்டையில் கும்பினிக்காரர்களின் பேண்டு வாசித்ததை முத்துசுவாமி தீட்சிதர் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகள் மனசில் தங்கி, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். சுமார் நாற்பது இருக்கும். நோட்டுஸ்வர சாகித்யம் என்று பெயர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டுகூட அதில் உண்டு. ராஜாவுக்குப் பதில் அம்பாளை உட்கார வைத்துவிட்டார் தீட்சிதர். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். பிறகு நம் தெற்குச் சீமையில் எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்தார்.

தஞ்சாவூரில் சரபோஜி ராஜா (ஆண்ட காலம் 1798 முதல் 1832 வரை) அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். அதே நூற்றாண்டில் கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குப் பக்கவாத்தியமாக நுழைந்துவிட்டது. பின்னாளில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதை வைத்துக்கொண்டு முழுக் கச்சேரியே செய்தார். நம் மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு ஞாபகம் வரும். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு'. மதுரை மணி ஐயர் கச்சேரியின் கடைசியில் அதை ஸ்வரமாகப் பாட ஆரம்பித்தால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நாதஸ்வரக்காரர்கள் கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்து இலை போடுகிற நேரத்தில் அதை வாசிப்பார்கள். 'வெள்ளக்காரன் பாட்டு வாசிக்கிறான், சாப்பாட்டுக்கு எந்திரிங்க' என்பார் எங்கள் சித்தப்பா.

ஆக, வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கு ஒன்றும் அன்னியம் இல்லை. ஆனால் ராஜாவும் வித்வானும் கையாண்ட வாத்தியம் எங்கள் ஊர்த் தெருவுக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பட்டாளத்திலும் போலீசிலும் வாசித்து பென்ஷன் வாங்கி வந்தவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் பழகியவர்கள், இவர்களிடம் கற்றுக்கொண்டு மதுரை, திண்டுக்கல் பக்கமெல்லாம் செட்டுகள் கிளம்பின. கற்றுக்கொண்டவர்கள் யார்? பெரும்பாலும் தப்பும் பறையும் அடித்தவர்களின் பிள்ளைகள். தாளம் அவர்களுக்குப் பிறவியிலேயே இருந்தது. நாதஸ்வரம் அவர்கள் கைக்கு எளிதில் வராது. அதற்கென்று குலம், குரு, கோயில் முறை எல்லாம் இருந்தன. கிளாரினெட்டுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. கப்பலில் வந்த வாத்தியத்துக்கு ஜாதி ஏது?

எங்கள் பக்கத்தில் பேண்டுக்குக் காசு கொடுத்தது ஏலக்காய். ஆடி ஆவணியில் மலையில் காய் எடுப்பு தொடங்கும். ஸ்டோரில் போட்டு உலர்த்தி, மூட்டையாகப் போடிக்கு இறங்கி, குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரித்து, வியாபாரம் முடிந்து பணம் கைக்கு வர மார்கழி ஆகிவிடும். அடுத்து தை. விலை நன்றாக இருந்த வருஷம் மதுரையிலிருந்து பேண்டு ரயிலேறி வரும். விலை விழுந்த வருஷம் உள்ளூர் நாதஸ்வரத்தோடு சரி. எங்கள் தெருவில் எந்தக் கல்யாணத்துக்குப் பேண்டு வைத்தார்கள் என்று சொன்னால், அந்த வருஷம் காய் என்ன விலை போனது என்று அப்பா கணக்குச் சொல்வார்.

அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வெள்ளைக்காரத் துரைமார் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருந்த காலத்தில், வாலிப வயதில் அங்கே கொஞ்ச நாள் எடுபிடி வேலை பார்த்திருக்கிறார். ராத்திரி பங்களாவில் கிராமபோன் தகடு சுற்றும். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பாராம். அதில் ஒரு பாட்டின் மெட்டு மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. முகம் சவரம் செய்யும்போது சீட்டியடிப்பார். ஏறி ஏறி ஒரே இடத்தில் வந்து முட்டி நின்று மறுபடி ஏறும். அது என்ன பாட்டு, யார் வாசித்தது, அவருக்குத் தெரியாது. நானும் தேடிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு அந்தச் சீட்டி பிடிக்காது. 'வெளக்கு வச்ச வீட்ல என்னத்துக்கு இந்தச் சீட்டி' என்பாள். அவளுக்குக் கல்யாணம் என்றால் நாதஸ்வரம்தான். பேண்டைக் கேட்டால் வயிற்றுக்குள் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறது என்பாள். ஆனால் ஊர்வலம் எங்கள் வீட்டைக் கடக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

வானொலி இல்லாமல் இந்தக் கதை ஓடாது. 1952-ல் கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்ததும் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அடங்கிப்போனது. சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். ஆர்மோனியத்துக்கும் அதற்கு முன்பே, 1940-லிருந்தே, அங்கே தடை இருந்தது. நாடு முழுக்க ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்! ஆகாசவாணி மூடிய கதவை இலங்கை வானொலி திறந்து வைத்துக்கொண்டது. 1950-ல் அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. மயில்வாகனம் பேசினால் சிலமலைப் பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் கூட்டம் கூடும். 1957 அக்டோபரில் விவித்பாரதி தொடங்கிய பிறகுதான் ஆகாசவாணி கொஞ்சம் இறங்கி வந்தது. அதற்குள் எங்கள் ஊர் கொழும்புக்குக் குடிபோய்விட்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கொழும்பின் சத்தம் இந்தியா முழுக்க அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேசநாட்டுப் படைக்கு இலங்கையில் தலைமையகம் இருந்தது. பர்மா, மலேயா பக்கம் கிடந்த சிப்பாய்களுக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்கப் பாட்டு போட அங்கே ஒரு வானொலி தொடங்கினார்கள். 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் வந்தது. மேல்நாட்டுப் பட்டாளத்துக்காக உண்டான ஏற்பாட்டில் அந்தக் காலத்து பேண்டு இசைக்குக் குறைவிருக்காது. பட்டாளம் ஊர் திரும்பிய பின் கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிப்பாய்க்குப் பாட்டுப் போட வந்த மிஷின்தான் பின்னாளில் எங்கள் டீக்கடைக்குப் பாட்டுப் போட்டது.

நான் தபால் துறையில் சேர்ந்த புதிதில் ரேடியோ லைசென்ஸ் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது ஒரு வேலை. வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். ரேடியோவை ஒளித்துவைத்துக் கேட்டவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். இனி சொல்வதில் தப்பில்லை, ஆனாலும் சொல்லமாட்டேன்.

இந்த ரேடியோவைக் கேட்டுத்தான் பேண்டு மாஸ்டர்கள் பாட்டுப் பிடித்தார்கள். நோட்டு, எழுத்து எதுவும் கிடையாது. எங்கள் பக்கம் வந்த ஒரு செட்டின் மாஸ்டர், கிளாரினெட்காரர், போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பார். புதுப் பாட்டு ஒருதரம் வந்தால் பல்லவி. மறுதரம் வந்தால் சரணம். மூன்றாவது நாள் ஊர்வலத்தில் வந்துவிடும். டிரம்பெட் வர வேண்டிய இடத்தில் டிரம்பெட், பிடில் கூட்டமாக வரும் இடத்தைக் கிளாரினெட் இரண்டு சேர்ந்து சமாளிக்கும். நாக்கு வைக்கிற பிரம்புத் தகட்டை ஒரு சின்னத் தகர டப்பாவில் வைத்திருப்பார். அதை ஏலக்காய் டப்பா என்று நினைத்து நான் மோந்து பார்த்திருக்கிறேன். எச்சில் வாடை.

அவர்கள் வாசித்த பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் மறுபடி அமெரிக்காக்காரன் வாசலுக்கே போகிறோம். பம்பாய், கல்கத்தா ஓட்டல்களில் 1930-களிலேயே ஜாஸ் குழுக்கள் வாசித்தன. கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். பகலில் சினிமா ஸ்டுடியோ, ராத்திரி ஓட்டல். சி. ராமச்சந்திரா இவர்களை வைத்து இந்தியில் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தார். சிக் சாக்லெட் என்று பெயர் வைத்துக்கொண்ட டிரம்பெட்காரர் அவரோடு இருந்தார். எம்.வி. ராமன் எடுத்த 'ஆஷா' (1957) படத்தில் கிஷோர் குமார் அர்த்தமில்லாத வார்த்தைகளைக் கொட்டி ஆடிய பாட்டு நாடு முழுக்க ஓடியது. அந்தப் படம் 1959-ல் 'அதிசயப் பெண்' என்று தமிழிலும் வந்தது. நம் பக்கத்தில் சந்திரபாபு இருந்தார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். அவர் பாட்டில் தொண்டையை உடைத்து உடைத்துப் பாடுவதைக் கிளாரினெட்டில் கொண்டுவருவது எங்கள் மாஸ்டரின் தனி வித்தை.

அதற்கும் முன்னால் 1948-ல் வாசனின் 'சந்திரலேகா' முரசு நடனம். அப்பா தலைமுறையில் அதைப் பற்றிப் பேசாதவர் யாரும் இல்லை. பிறகு விஸ்வநாதன் – ராமமூர்த்தி. ராமமூர்த்தி பிடில்காரர், விஸ்வநாதன் ஆர்மோனியக்காரர், இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் இருந்தவர்கள். 1952-ல் சுப்பராமன் இறந்த பிறகு சேர்ந்து வேலை செய்தார்கள். 1965-ல் பிரிந்தார்கள். அந்தப் பதிமூன்று வருஷம்தான் தமிழ் சினிமாவின் 'பிக் பேண்டு' காலம் என்பது என் கட்சி. 1964-ல் மட்டும் 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' இரண்டும் வந்தன. 'புதிய பறவை'யில் சிவாஜி நிம்மதியைத் தேடிக் கதறும் பாட்டில் எத்தனை வாத்தியம்! அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, டிரம்ஸுக்கு நோயல் கிராண்டு. அப்போது பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே ஹாலில் நின்று ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும். முப்பதாவது ஆள் ஒரு ஸ்வரம் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தப் பயமும் ஒழுங்கும் பாட்டில் கேட்கிறது.

அதற்கு முந்தின வருஷம், 1963-ல், டியூக் எலிங்டனே தன் குழுவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்துப் போனார். அமெரிக்க அரசு அனுப்பிய பயணம். துருக்கி போய்ச் சேர்ந்தபோது கென்னடி சுடப்பட்ட செய்தி வந்து, மீதிப் பயணம் ரத்தானது. சிலமலையில் யாருக்கும் இது தெரியாது. எங்களுக்கு அந்த வருஷம் வேறு கவலை.

1963 தை மாசம் என் அக்கா கல்யாணம். காய்க்கு நல்ல விலை. மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டார்கள், அப்பாவுக்கும் ஆசை, பேண்டு பேசியாகிவிட்டது. பன்னிரண்டு பேர். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் கயிறு, பித்தளைப் பொத்தான், கறுப்பு பூட்ஸ். ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். 'கோயில் தெரு வழியாப் போகணும். பூட்ஸக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க' என்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் அவர்களுடைய அப்பாக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார்கள். மாப்பிள்ளை காரில் இருந்தார், பெட்டிக்கடை மைனர்கள் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

அப்பா போய் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே, 'பூட்ஸு இல்லாட்டி உடுப்பு நிக்காதுங்க அய்யா. வேணும்னா உடுப்பையும் கழட்டி வச்சிட்டுப் போயிர்றோம். வாசிப்பு மட்டும் முடியாது' என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அட்வான்ஸை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்பா இரண்டு பக்கமும் எதுவும் பேசவில்லை. அவர் அப்படித்தான், கணக்கப்பிள்ளை. எந்தப் பக்கமும் நஷ்டம் எழுத விரும்பாதவர். கடைசியில் ஊர்வலம் கோயில் தெருவுக்குள் போகவில்லை. பெரிய ரோடு வழியாகவே சுற்றிக்கொண்டு போனது. நாதஸ்வரம் மட்டும் கோயில் வாசல் வரை போய்த் திரும்பியது. சுற்றுவழியில் மாஸ்டர் அன்றைக்கு வாசித்த மாதிரி அதற்குப் பின் நான் கேட்டதில்லை. ரோட்டோரம் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாப்பாடு மட்டும் வழக்கம்போலத்தான், எல்லோரும் சாப்பிட்ட பிறகு கொல்லைப்பக்கம். அம்மா தானே போய்ப் பரிமாறினாள். எங்கள் வீட்டில் அது அதுவரை நடந்ததில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவும் இல்லை.

ஊர்வலத்தில் 'மாஸ்டர், இன்னொரு பாட்டு' என்று கெஞ்சினவர்களே மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பெயர் சொல்லி 'ஏ, இங்க வா' என்பார்கள். அவரும் போவார்.

இதே வாசலில் இருந்து கிளம்பின இன்னொரு இசையையும் சொல்லியாக வேண்டும். சிலமலையிலிருந்து தெற்கே ராசிங்காபுரம், தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். பாவலர் வரதராஜன் அந்த ஊர்க்காரர். கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடியவர். சினிமா மெட்டில் கட்சிப் பாட்டைக் கட்டி ஆர்மோனியத்தோடு மேடையேறினால் கூட்டம் கலையாது. 1956-ல் தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்குப் போனது எங்கள் அப்பாக்களுக்குப் பெரிய வருத்தம். தினம் மலையேறிப் போய்ப் பிழைப்பவர்களுக்கு அது வேறு மாநிலமாகவே நிலைத்துவிட்டது. அந்த தேவிகுளத்தில் 1958-ல் இடைத்தேர்தல். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாவலர் பாடினார், ரோசம்மா ஜெயித்தார். பாவலரோடு ஊர் ஊராகப் போன தம்பிகளில் ஒருவர்தான் ராசையா. பிறகு சென்னை போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை எழுதப் படிக்கக் கற்று, 1976-ல் 'அன்னக்கிளி'யில் இளையராஜா ஆனார். எங்கள் மாஸ்டர் காதால் பிடித்ததை இவர் தாளில் எழுதி ஐம்பது பேர் கையில் கொடுத்தார். 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு இவர் எழுதிய சிம்பொனியை வாசித்தது. அப்பா இருந்திருந்தால் அதற்கும் 'அன்னைக்குக் காய் என்ன வெல?' என்றுதான் கேட்டிருப்பார்.

பேண்டு செட்டு மங்கியதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்ல முடியாது. எழுபதுகளில் மைக் செட்டும் இசைத்தட்டும் மலிவானது. கல்யாண மண்டபம் வந்ததும் ஊர்வலம் சுருங்கியது. ஊர்வலம் இல்லாத கல்யாணத்தில் பேண்டு எங்கே நடக்கும்? பிறகு லைட் மியூசிக். ஸ்டுடியோக்களிலும் எண்பதுகளின் நடுவில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தன. 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு நாற்பது பிடில்காரர்களை உட்கார வைக்கும் அவசியமே குறைந்தது. ராகுமானைக் குறை சொல்லவில்லை, நானும் விரும்பிக் கேட்பவன்தான். ஆனால் அந்தப் பிடில்காரர்கள் வேறு என்ன வேலைக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

இப்போது போடிப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு மலைக்கு மேலிருந்து செண்டை மேளம் இறங்கி வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து பேண்டை ஏற்றிவந்த மீட்டர்கேஜ் ரயில் 1928-ல் வந்தது, 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதையாகி 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. மாஸ்டர் எழுபதுகளின் கடைசியில் இறந்தார். மகன் வாத்தியம் எடுக்கவில்லை. படித்து அரசாங்க வேலைக்குப் போனார், நல்ல வேலை. ஓய்வு பெற்றபின் ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது கிளாரினெட்டைப் பற்றிக் கேட்டேன். அப்பா அதைப் பெட்டியோடு விற்றுத்தான் தன்னைக் கல்லூரியில் சேர்த்தார் என்றார். பூட்ஸை மட்டும் விற்கவில்லையாம். யாரும் வாங்கவில்லை என்றார், சிரித்துக்கொண்டே.